முடி கொடுக்காத பவளாயி

முன்னொரு காலத்தில், ஆமைகள் பேசுவதும் மனிதர்கள் நின்று கேட்பதும் சாதாரணமாக இருந்த காலத்தில், ஆயிரங்கிணறு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. வீட்டுக்கு ஒரு கிணறு, வீதிக்கு ஒரு கிணறு, அரண்மனைக்கு ஒரு பெரிய கிணறு. எல்லாக் கிணற்றுக்கும் அடியில் ஒரே ஊற்று.

கிணறு இருந்தால் குடம் விழும். குடம் விழுந்தால் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டித் துழாவுவார்கள். கரண்டியில் சிக்காவிட்டால், "பவளாயியைக் கூப்பிடு" என்பார்கள்.

பவளாயி வருவாள். தலைமுடியைக் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருப்பாள். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருப்பாள். மார்பில் ஒரு துண்டை இறுகச் சுற்றியிருப்பாள். இடுப்புக் கயிற்றில் ஒரு சின்னக் கத்தி தொங்கும். கிணற்றடியில் வேர் கிடக்கும், அறுந்த கயிறு கிடக்கும், காலைச் சுற்றும். அதற்குத்தான் அந்தக் கத்தி. மூச்சை இழுத்துப் பிடித்துத் தலைகுப்புறக் குதிப்பாள். மேலே நிற்கிறவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். நூறு எண்ணுவதற்குள் குடத்தோடு வருவாள்.

குடத்தை வாங்கிக்கொண்ட கை காய்வதற்குள் கேலியும் ஆரம்பித்துவிடும்.

"ஏ தம்பி, உனக்கு ஒரு பொண்ணு பார்க்கட்டுமா?" என்பான் பக்கத்து வீட்டுக் குப்பாண்டி. மூன்று வருஷமாக அவன் சொல்லிவந்த ஒரே வேடிக்கை அதுதான். அவன் வீட்டுக் குடத்தைப் பவளாயி ஏழு தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதை மறந்துவிடாதீர்கள்.

"ஏன் இப்படி முடியை வெட்டிக்கிட்டு ஆம்பளை மாதிரி நிக்கிறே?" என்று இன்னொருவர் கேட்பார்.

"தொழிலுக்கு அண்ணே. முடி இருந்தா கிணத்துல சிக்கும்" என்பாள் பவளாயி.

தொழிலுக்கு என்று சொன்னால் வாய் மூடிக்கொள்வார்கள். பொய்யும் இல்லை. பத்து வயதில் அப்பாவோடு முங்கியபோது அவள் சடை ஒரு கல்லிடுக்கில் சிக்கிக்கொண்டது. அப்பா அரிவாளால் சடையை அறுத்துத்தான் அவளை மேலே கொண்டுவந்தார். பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. அன்றைக்குப் பின்கழுத்தில் முதல்முதலாகக் காற்றுப் பட்டது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா போன பிறகு அக்கா மரிக்கொழுந்துதான் அவளை வளர்த்தாள். அக்காவுக்கு இடுப்பைத் தாண்டிய கூந்தல். தன் பெயர்கொண்ட கொழுந்தை ஒரு கொத்து கிள்ளிக் கொண்டையில் செருகாமல் வாசல் தாண்ட மாட்டாள். பவளாயி நனைந்துபோய் வீட்டுக்கு வந்தால் திட்டு தயாராக இருக்கும்.

"வந்துட்டாரு மகாராசா. தலையைத் துவட்டுடி எருமை. சளி பிடிச்சா யாரு கஷாயம் வைக்கிறது? ஆம்பளை மாதிரி திரியுறியே, ஆம்பளை மாதிரி எனக்கு ரெண்டு வாளித் தண்ணி இறைச்சுத் தரக்கூடாதா?"

வாய் திட்டும். கை முந்தானையால் அவள் தலையைத் துவட்டும். அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பவளாயியை மேலும் கீழும் பார்த்தால், அக்கா முந்திக்கொண்டு, "அது தொழிலுக்கு" என்று சொல்லிவிடுவாள்.

இப்படி இருக்கும்போது, அந்த நாட்டு ராஜா மணிமுடியானுக்கு ஒரு குறை வந்தது. ராணி கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஏன் இந்த வரி என்றாள். ஏன் இந்தப் போர் என்றாள். ஏன் உங்கள் ஒருவருக்கு மட்டும் மூன்று வேளையும் நெய்ச்சோறு என்றாள். ராஜாவுக்குச் சாப்பிட்டது இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து துன்முகன் என்ற மாயாவி வந்து சேர்ந்தான். அவன் தலையில் ஒரு முடி கிடையாது, துடைத்த குடம் மாதிரி இருக்கும். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆண்பிள்ளை தலையைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

"மகாராஜா, மூன்று வெள்ளிக்கிழமை போதும். உங்கள் நாட்டில் ஒரு பெண்ணும் ஏன் என்று கேட்க மாட்டாள்" என்றான்.

"அதற்கு நான் என்ன தரவேண்டும்?"

"குப்பை. தலை வாரும்போது சீப்பில் உதிர்கிற முடியைப் பெண்கள் சுருட்டிச் சுவரிடுக்கில் செருகுவார்களே, அது எனக்கு வேண்டும். பிடுங்கின முடி ஆகாது, வெட்டின முடி ஆகாது. சீப்பில் தானாக உதிர்ந்ததுதான் வேண்டும்."

குப்பைதானே என்று ராஜா தலையை ஆட்டினார்.

முதல் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு சேவகன் கறுப்புக் குடத்தோடு வீடு வீடாக வந்தான். மரிக்கொழுந்து தன் முடிச்சுருளைக் குடத்தில் போட்டாள். பவளாயி முறை வந்தது.

"உன் முடி எங்கே?"

"என் தலையில சீப்பே ஓடாது அய்யா. தொழிலுக்காக வெட்டியிருக்கேன்."

"எனக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். அடுத்த வெள்ளி குடத்தில் முடி விழவேண்டும். இல்லை என்றால் முதுகில் சவுக்கு விழும்."

அன்று மத்தியானத்தோடு அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. பவளாயி சொன்ன எந்த வேடிக்கைக்கும் அவள் முகம் அசையவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தாள் பவளாயி. ஆனால் வீதி முழுவதும் அப்படித்தான் இருந்தது. வீதிக் கிணற்றடியில் குடம் இடிக்கும் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை.

இரண்டாம் வெள்ளி வந்தது. சவுக்குக்குப் பயந்த பவளாயி ஒரு காரியம் செய்தாள். குப்பாண்டி வீட்டில் ஒரு கறுப்புக் கிடா இருந்தது. எந்த வீட்டு வாசலிலும் உரிமையோடு நுழைந்து சாப்பிட்டுவிட்டு வரும் என்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். அதன் தாடியைப் பழைய சீப்பால் வாரினாள். உதிர்ந்ததைச் சுருட்டினாள். குடத்தில் போட்டாள். சேவகன் பார்க்காமலே போய்விட்டான்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வேலியோரம் நின்றுகொண்டிருந்தது. வாய்க்கு நேராகப் புடலங்கொடி தொங்கியது. கடிக்கவில்லை. பக்கத்தில் வடகம் காய்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"புத்தி வந்துருச்சு என் மாப்பிள்ளைக்கு. வீட்டுலயும் அப்படித்தான். என் பொஞ்சாதி ஒரு வாரமா என் மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சு கேலி பண்றதில்ல, நேத்திலேர்ந்து கோவமும் படுறதில்ல. துன்முகர் நல்ல மனுஷன்" என்றான் குப்பாண்டி.

பவளாயி ஆட்டின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஆட்டுக்குச் சிரிப்பு ஏது? அதன் திருட்டுத்தனம்தானே சிரிப்பு. முடி கொடுத்தது; திருட்டுத்தனம் போனது. அக்கா ஒரு தடவை கொடுத்தாள்; சிரிப்புப் போனது. நேற்று இரண்டாம் தடவை கொடுத்திருக்கிறாள்.

ஓடிப்போய்த் தன் வீட்டுக் கிணற்றில் ஒரு முங்கு போட்டாள். ஈரத்தைத் துடைக்காமல் நேராக அடுப்படிக்குள் நுழைந்தாள். சொட்டச் சொட்ட நடந்தாள். மாவுப் பானைமேல் தண்ணீர் தெறிக்கத் தலையை உதறினாள். திட்டுடி அக்கா என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே நின்றாள்.

மரிக்கொழுந்து ஈரத்தைப் பார்த்தாள். "துடைக்கட்டுமா?" என்றாள்.

பவளாயி அங்கே நிற்க முடியாமல் மறுபடி கிணற்றுக்கு ஓடினாள்.

அந்தக் கிணற்றில் ஓர் ஆமை இருந்தது. வயது இருநூறு இருக்கும். யாரையும் மன்னித்துப் பழக்கமில்லாத ஆமை.

"ஆமையாரே, ஒரு விஷயம் கேட்கணும்."

"கேள். ஆனால் அந்தக் குப்பாண்டிக்காக என்றால் வாய் திறக்க மாட்டேன். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கிணற்றில் ஓர் உலக்கை விழுந்தது, என் முதுகில். போட்டவள் பெயர் காத்தாயி. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் பேரனுக்குப் பேரன்தான் இந்தக் குப்பாண்டி."

"எங்க அக்காவுக்காக."

ஆமை தலையை வெளியே நீட்டியது. ஊற்று வழியாக எல்லாக் கிணற்றுக்கும் போய்வருகிற ஆமை அது. எல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது.

"துன்முகன் ஒவ்வொரு முடியையும் முடிச்சுப் போடுகிறான். முதல் முடிச்சில் சிரிப்பு, இரண்டாம் முடிச்சில் கோபம், மூன்றாம் முடிச்சில் ஆசை. அதைத் தின்றுதான் முந்நூறு வருஷமாக உயிரோடு இருக்கிறான். முடிச்சுகளை அரண்மனைக் கிணற்றில் போடுகிறான். அவை அடியில் இருக்கிற செப்புக்குடத்துக்குள் போய்விடுகின்றன. வருகிற வெள்ளி, பொழுது சாய்கிற நேரத்தில், நாட்டில் கட்டுப்படாத பெண் ஒருத்தியும் இல்லை என்றால் முடிச்செல்லாம் இறுகிவிடும். பிறகு பிரம்மா வந்தாலும் அவிழாது."

"நான் ஒருத்தி இருக்கேனே."

"இருக்கிறாய். அதனால்தான் உன்னைத் தேடி வருவான். நீ கட்டுப்பட்டாலும் சரி, எல்லை தாண்டி ஓடினாலும் சரி, செத்தாலும் சரி. அவனுக்கு மூன்றும் ஒன்றுதான்."

"என் தலையில வாருறதுக்கு முடி ஏது?"

"அவனிடம் ஒரு சீப்பு இருக்கிறது. வார வார முடி வளரும். அப்படி வளர்ந்த முடி எந்தக் கத்திக்கும் அறுபடாது. ஏன் அறுக்கிறேன் என்று உள்ளது உள்ளபடி காரணம் சொல்கிறவளுக்கு மட்டும்தான் அறுபடும்."

"அவ்வளவுதானே? தொழிலுக்கு."

ஆமை தலையை உள்ளே இழுத்து, மறுபடி நீட்டியது. பிறகு, "போன மழைக்குக் கிணறெல்லாம் விளிம்புவரை நிரம்பிக் கிடந்தது. விழுந்த குடத்தைக் கையாலேயே எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் நீ முங்கவில்லை. ஆனால் பத்து நாளைக்கு ஒரு தரம் என் தண்ணீரைக் கண்ணாடியாக வைத்து முடி வெட்டிக்கொண்டாய். சீட்டி அடித்துக்கொண்டே வெட்டினாய். நான் கீழே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றது.

பவளாயி எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

அந்த ஆறு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடி வளர்ந்துவிட்டதா என்று தடவித் தடவிப் பார்த்தாள்.

மூன்றாம் வெள்ளி விடிந்தது. சேவகன் வந்து, குறுக்கே நின்ற பவளாயியைத் தள்ளிவிட்டு, அக்காவின் முடியை வாங்கிக்கொண்டு போனான். மத்தியானம் அக்கா வெறுங்கொண்டையோடு வாசலில் நின்றாள்.

"கொழுந்து வைக்கலையா அக்கா?"

"வைக்கச் சொன்னா வைக்கிறேன்" என்றாள் மரிக்கொழுந்து.

அந்தக் குரலில் குளிரும் இல்லை, சூடும் இல்லை. பவளாயி அழக்கூட நேரமில்லாமல் பல்லக்கு வந்து நின்றது. துன்முகன் இறங்கினான். தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

"ஒரு வாரமாகக் கையில் ஆட்டு வாடை போகவில்லை. ஆட்டையும் பிடியுங்கள், ஆட்டுத் தாடியைக் கொடுத்தவளையும் பிடியுங்கள்."

சேவகர்கள் மாப்பிள்ளையை இழுத்தார்கள். "அய்யா, அது வாயில்லாத ஜீவன்" என்று குப்பாண்டியும் பின்னால் ஓடினான். பவளாயியின் கையைப் பிடித்தபோது அவள் திரும்பி, "என்கூட வா அக்கா" என்றாள். சொன்னதை மட்டும் செய்கிற அக்கா, சொன்னபடி நடந்து வந்தாள்.

அரண்மனையில் தாதிப் பெண்களைப் பார்த்துத் துன்முகன், "இவளுக்குச் சேலை கட்டுங்கள்" என்றான். அவர்களும் முடிச்சுக்குள் இருந்தவர்கள். சேலை கட்டச் சொன்னான், கட்டினார்கள். உள்ளே இருக்கிற வேட்டியை அவிழ்க்கச் சொல்லவில்லை, அவிழ்க்கவில்லை. இடுப்புக் கத்தியை எடுக்கச் சொல்லவில்லை, எடுக்கவில்லை. பதினெட்டு முழப் பட்டு அவளை அப்படியே சுற்றி மூடியது.

கிணற்றடிக்குக் கொண்டுவந்தார்கள். ராஜா அங்கே ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராணி, யாரோ வைத்துவிட்டுப் போன பொம்மை மாதிரி. மேற்குக் கோட்டைச் சுவருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் சூரியன் இருந்தது.

துன்முகன் ஒரு வெள்ளைச் சீப்பை நீட்டினான். "உன் கையாலேயே வாரு. இல்லாவிட்டால் உன் அக்காவைக் கிணற்றில் குதிக்கச் சொல்வேன். குதிப்பாள்."

பவளாயி சீப்பை வாங்கினாள்.

ஒரு வாரல். முடி தோளில் விழுந்தது. இரண்டாம் வாரல். முடி காலைத் தொட்டது. மூன்றாம் வாரல். முடி தரையில் விழுந்து, சுருண்டு, கிணற்றுக் கயிறுபோல் குவியலாகக் கிடந்தது. தலை பின்னால் சாய்ந்தது. கழுத்து வலித்தது. பின்கழுத்தில் காற்று என்று ஒன்று இருந்தது அவளுக்கு மறந்துபோகும் போல இருந்தது.

"இப்பத்தான் பாக்குறதுக்குப் பொண்ணு மாதிரி இருக்கே" என்றான் குப்பாண்டி.

"சீப்பைக் கொடு" என்றான் துன்முகன். சீப்புப் பல்லில் அவள் முடி ஏழெட்டு இழை உதிர்ந்து மாட்டியிருந்தது.

பவளாயி கையை நீட்டினாள். அவன் பக்கம் இல்லை, கிணற்றுப் பக்கம். விரலை விரித்தாள். சளக் என்று ஒரு சத்தம் கேட்டது.

துன்முகன் கோபப்படவில்லை. சிரித்தான். அந்தச் சிரிப்பு யார் வீட்டுச் சிரிப்போ.

"விழுந்ததை எடுப்பதுதானே உன் தொழில்? எடுத்துவா. இந்தக் கோலத்திலேயே இறங்கு. உன் முடி நுனி என் கையில் இருக்கும். சீப்பு கிடக்கிற மேடைவரை எட்டும், அதற்குக் கீழே ஒரு விரல்கூட எட்டாது. மூச்சு முட்டினால் இழுத்துவிடுகிறேன்."

இழுக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். செத்தாலும் அவனுக்குச் சரிதானே. அவள் அக்காவை ஒரு தரம் பார்த்தாள். அக்கா கிணற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவளாயி மூச்சை இழுத்தாள். குதித்தாள்.

மேலே குப்பாண்டி பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

தண்ணீருக்குள் போனதும் பட்டு கல்லாகக் கனத்தது. சுற்றிச் சுற்றி அதை அவிழ்த்துக் கையில் சுருட்டினாள். கீழே கல்மேடையில் சீப்பு வெள்ளையாகத் தெரிந்தது. எடுத்து இடுப்பில் செருகினாள். அதற்கும் கீழே, நான்கு கை ஆழத்தில், செப்புக்குடம் மின்னியது. கையை நீட்டினாள். தலை வெடுக்கென்று பின்னால் இழுபட்டது. முடி தீர்ந்துவிட்டது.

நாற்பது, என்றான் மேலே குப்பாண்டி.

கத்தியை உருவினாள். முடியைப் பிடியாகப் பிடித்தாள். தொழிலுக்கு, என்று மனதில் சொல்லி அறுத்தாள். கத்தி எண்ணெயில் வழுக்குவதுபோல் வழுக்கியது.

அறுபது.

பத்து வயதில் கல்லிடுக்கில் சிக்கியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு இழுத்துக்கொண்டு போக அப்பா இருந்தார். அக்காவுக்காக, என்று சொல்லி அறுத்தாள். அது பொய்யில்லையே, எவ்வளவு நல்ல காரணம். கத்தி வழுக்கியது. ஓர் இழைகூட அறுபடவில்லை.

எண்பது.

நெஞ்சு எரிந்தது. கண்ணுக்குள் கறுப்புப் பொட்டுகள் ஓடின. இத்தனை வருஷமாக ஊராருக்குச் சொன்னதெல்லாம் வரிசையாக வந்தது. தொழிலுக்கு அண்ணே. தொழிலுக்குக்கா. தொழிலுக்குங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்திருப்பார்கள்? கேலி செய்திருப்பார்கள். சொல்லாதபோது மட்டும் விட்டார்களா?

எனக்கு இப்படி இருக்கப் பிடிக்கும், என்று சொன்னாள் பவளாயி. இந்த முடி, இந்த வேட்டி, இந்தக் கழுத்துக் காற்று. வேறு காரணம் கிடையாது. கிணறே இல்லாத ஊரில் பிறந்திருந்தாலும் இப்படித்தான் இருப்பேன்.

கத்தியை வைத்தாள். வாழைத்தண்டு அறுபடுவதுபோல் முடி அறுந்தது.

நூறு, என்றான் குப்பாண்டி. அதற்கு மேல் அவன் எண்ணியதில்லை. வாயை மூடிக்கொண்டான்.

துன்முகன் கையில் முடி தளர்ந்தது. இழுத்துப் பார்த்தான், அறுந்த நுனி வந்தது. "போய்விட்டாள்" என்று ராஜாவைப் பார்த்துச் சொன்னான். சூரியன் கோட்டைச் சுவரைத் தொட்டது.

கீழே பவளாயி சேலையின் ஒரு தலைப்பைக் குடத்தின் கழுத்தில் கட்டினாள், மறு தலைப்பை இடுப்பில் கட்டினாள், உதைத்தாள். குடம் அசையவில்லை. ஒரு நாட்டுப் பெண்களின் சிரிப்பும் கோபமும் ஆசையும் அல்லவா, கனக்காதா? இன்னொரு தரம் உதைத்தாள். அப்போது ஊற்றுக்கண் வழியாக ஏதோ ஒன்று வந்து குடத்தை அடியிலிருந்து முட்டித் தள்ளியது. கல் மாதிரி கெட்டியான முதுகு. அதன் நடுவில் பழைய உலக்கைத் தழும்பு.

கிணற்றுப் படியில் ஒரு கை தெரிந்தது. பிறகு ஒட்ட வெட்டிய ஒரு தலை.

"பிடி அண்ணே" என்று சேலைத் தலைப்பை நீட்டினாள் பவளாயி. குப்பாண்டி யோசிக்கவேயில்லை. ஏழு குடம் வாங்கின கை, எட்டாவதையும் வாங்கி இழுத்துவிட்டது.

குடத்துக்குள் கையை விட்டாள். ஆயிரம் ஆயிரம் முடிச்சு. எது யாருடையது? முதலில் மூக்குக்குத் தெரிந்தது ஆட்டு வாடை. அவிழ்த்தாள். துன்முகன் அவள்மேல் பாய்ந்தான். பாய்ந்தவன் பின்பக்கம் மாப்பிள்ளை முட்டிய முட்டில் குப்புற விழுந்தான்.

சூரியன் பாதி இறங்கியது. பவளாயி கொத்துக் கொத்தாக அள்ளி மோந்தாள். எண்ணெய் வாசனை, சீயக்காய் வாசனை, புகை வாசனை. இல்லை, இல்லை, இல்லை. அடியில், கடைசியில், லேசாக மரிக்கொழுந்து மணத்தது. மூன்று முடிச்சு. ஒன்றை அவிழ்த்தாள். இரண்டை அவிழ்த்தாள். மூன்றாவது இறுக ஆரம்பித்திருந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள்.

மரிக்கொழுந்து இமையைக் கொட்டினாள். தங்கையைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தாள்.

"எருமை" என்றாள். "தலையைத் துவட்டுடி முதல்ல."

அதற்குப் பிறகு பவளாயி அவிழ்க்கவேண்டியிருக்கவில்லை. அக்காவும் குடத்துக்குள் கையை விட்டாள். அக்கா அவிழ்த்தது ராணிக்கு, ராணி அவிழ்த்தது தாதிகளுக்கு, தாதிகள் அவிழ்த்தது ஊருக்கு. இருபது கை, நாற்பது கை, நூறு கை. ஊருக்குள் எங்கிருந்தோ குப்பாண்டி மனைவியின் குரல் கேட்டது. ஒரு வாரத்துத் திட்டும் அதில் சேர்ந்து இருந்தது. கோட்டைச் சுவரைத் தாண்டி வந்தது. குப்பாண்டி ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது சூரியன் மறைந்தது. துன்முகனுக்கு முந்நூறு வயதும் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தது. சுருங்கினான், வற்றினான், கடைசியில் ஒரு கைப்பிடி தென்னைநார் மாதிரி ஆனான். மாப்பிள்ளை அதை மோந்து பார்த்தது. தின்றுவிட்டது.

ராஜா எழுந்தார். ராணி பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தே இருந்தது.

"பெண்ணே, உன் தொழிலை உத்தேசித்து, நீ ஒருத்தி மட்டும் முடி வெட்டிக்கொள்ளவும் வேட்டி கட்டவும் செப்பேடு எழுதித் தருகிறேன்."

பவளாயிக்கு, கிணற்றுக்குள் மனதில் சொன்னதை வெளியே வாயால் சொல்வது அதைவிட ஆழமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"வேண்டாம் மகாராஜா. அது தொழிலுக்கு இல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு, அதனால வெட்டுறேன். எனக்கு மட்டும் எழுதாதீங்க. ஒரு பொம்பளைகிட்ட, அவ முடியையும் துணியையும் பாத்து, ஏன்னு யாரும் காரணம் கேட்கக்கூடாதுன்னு எழுதுங்க."

ராஜா யோசித்தார்.

"ஏன் தயங்குகிறீர்கள்?" என்றாள் ராணி.

ராஜா எழுதினார்.

அந்தச் சீப்பைப் பவளாயி துன்முகன் விழுந்த இடத்தில் வைத்து மிதித்து நொறுக்கினாள். பதினெட்டு முழப் பட்டைக் காயப்போட்டு அக்காவுக்குக் கொடுத்தாள். அக்கா அதைக் கட்டிக்கொண்டு, முழங்கால்வரை முடி வளர்த்து, கொழுந்து செருகிக்கொண்டு வீதியில் நடந்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஊரில் நாலைந்து பெண்கள் முடியை வெட்டினார்கள், சிலர் வளர்த்தார்கள், ஒருத்தி மொட்டையே போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்க வாய் திறந்தவர்கள் செப்பேட்டை நினைத்து மூடிக்கொண்டார்கள்.

கேலி செய்தவர்களின் குடங்கள் பிறகும் கிணற்றில் விழுந்தன. பவளாயி எடுத்துத்தான் கொடுத்தாள். அவளுக்கு மனசு பெரியது. ஆமைக்கு அப்படி இல்லை. குப்பாண்டி வீட்டுக் குடம் விழுந்தால் மட்டும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அரை நாள் நகராது.

ஒருநாள் மரிக்கொழுந்தைப் பெண் பார்க்க வெளியூரிலிருந்து வந்தார்கள். பையனின் அத்தை, வாசலில் நனைந்து நின்ற பவளாயியைப் பார்த்து, "இது யாரு? ஏன் இப்படி?" என்றாள். வெளியூர்க்காரிக்குச் சட்டம் தெரியாது.

பவளாயியின் கை பழையபடி ஒரு தரம் தலைக்குப் போனது.

"என் தங்கச்சி" என்றாள் மரிக்கொழுந்து, தங்கையின் தலையை முந்தானையால் அழுத்தித் துவட்டிக்கொண்டே. "அவளுக்கு இப்படித்தான் பிடிக்கும். ஆடாம நில்லுடி, காதுக்குள்ள தண்ணி இருக்கு."

அவர்கள் அப்படி இருந்தார்கள். ஆயிரங்கிணற்றில் தண்ணீர் ஊறுகிற காலம்வரை நன்றாகவே இருந்தார்கள்.